பட்டப்பகலில் டியூப்லைட்

பெங்களூர்வாசிகளுக்கு ஒரு கேள்வி. பகல் பதினோரு மணிக்கு உங்கள் வீட்டு ஹாலில் லைட் போடாமல் பேப்பர் படிக்க முடிகிறதா? என்னைப் போல வேலைக்காக இங்கே வந்து குடியேறியவர்களிடம் கேட்டால், பாதிப் பேர் சிரிக்கிறார்கள். கரண்ட் பில்லைப் பற்றிப் புலம்ப வரவில்லை. இதே ஊரில் வீட்டு வெளிச்சம் உயிர்ப் பிரச்னையாக இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கதைதான் இது.

அதற்கு முன் கொஞ்சம் நம்மூர். பழந்தமிழில் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று ஒரு பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அதாவது ஜன்னல் காற்றுக்கு. வெளிச்சத்துக்கு? அதற்குத்தான் முற்றம். சுவரில் இருக்கும் ஜன்னல், எதிரே ஒன்றுமே இல்லாவிட்டாலும் பாதி வானத்தைத்தான் பார்க்கும். முற்றம் தலைக்கு மேலிருக்கும் வானத்தை அப்படியே உள்ளே இறக்கிவிடும். சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர். நல்ல வெள்ளையடித்த சுவர், மேலே விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பூசாத சிமெண்ட் சுவர் அதில் பாதிகூட அனுப்பாது. பொங்கலுக்கு வெள்ளையடித்தது அழகுக்காக மட்டுமில்லை!

1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். அச்சில் வார்த்த ஓடு என்பதால் எல்லாம் ஒரே அளவு. ஒன்றை உருவிவிட்டு அதே அளவில் ஒரு கண்ணாடி ஓட்டைச் செருகினால் போதும், அடுப்படிக்கு நேர் மேலே வெளிச்சம் வந்துவிடும்.

இனி பெங்களூர். 1898 ஆகஸ்டில் இங்கே பிளேக் வந்தது. பேட்டைப் பகுதியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், குறுகிய சந்துகள். இருட்டும் புழுக்கமும்தான் நோய்க்குக் காரணம் என்று அன்று பலர் நம்பினார்கள். எலித் தெள்ளுப்பூச்சிதான் நோயைப் பரப்புகிறது என்று அதே 1898-ல் கராச்சியில் சிமோந்த் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டுபிடித்தார். உலகம் அதை ஏற்கச் சில வருடங்கள் ஆயின. காரணம் தப்பு, ஆனால் அதனால் விளைந்தது நல்லது. பசவனகுடியும் மல்லேஸ்வரமும் வளர்ந்தன. நேர்நேரான அகலத் தெருக்கள், வீட்டைச் சுற்றி இடம், பின்னால் ஒரு கன்சர்வன்சி சந்து. முன்னாலும் வானம், பின்னாலும் வானம்.

பம்பாயில் இதைக் கணக்காகவே போட்டார்கள். பிளேக்குக்குப் பிறகு 1898-ல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், பின்னாளில் 63½ டிகிரி விதி என்று ஒன்றைக் கடைப்பிடித்தது. அறைச் சுவரின் அடியிலிருந்து அந்தக் கோணத்தில் கோடு இழுத்தால், எதிர்க் கட்டடம் அதைத் தாண்டி உயரக்கூடாது. நம்ம பாஷையில் சொன்னால், எதிர்க் கட்டடம் 40 அடி உயரமென்றால் நடுவே 20 அடி இடைவெளி வேண்டும்.

1905 ஆகஸ்ட் 5 அன்று சிவசமுத்திரத்து மின்சாரத்தில் பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தன. அந்தத் திட்டம் உருவானது பாலக்காட்டுக்காரரான திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில். 1902-ல் முதல் மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனபோது அவர் உயிரோடு இல்லை. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்விட்ச் கைக்கு எட்டிய பிறகு, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வானம் எதற்கு என்று ஆகிவிட்டது.

வங்கியில் வீட்டுக் கடன் பைல்களைப் பார்க்கிறவன் நான். 30க்கு 40 சைட், நான்கு மாடி. இரண்டு வீட்டு செட்பேக்கும் சேர்ந்து ஆறடி தேறினால் அதிர்ஷ்டம். 20 அடி எங்கே, ஆறடி எங்கே! பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்ப்போம். பகலில் வெளிச்சம் வருமா என்று கேட்பதற்கு ஃபாரத்தில் கட்டமே இல்லை. இத்தனைக்கும், 20 வருடம் தடையில்லாமல் ஒரு ஜன்னலுக்கு வந்த வெளிச்சத்தை உரிமையாகவே மதிக்கிறது 1882-ம் வருட ஈஸ்மெண்ட் சட்டம். அது முதலில் அமலான பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று.

சரி, கட்டிய வீட்டை இடிக்க முடியாது. செய்யக்கூடியது என்ன?

முதலில் சீலிங்கை வெள்ளையாக வையுங்கள். ஜன்னலின் மேல் பாதியை மறைக்கும் பீரோவையும் திரையையும் நகர்த்துங்கள். அறையின் உள்கோடி வரை போவது மேல் பாதி வெளிச்சம்தான். ஜன்னல் உச்சியின் உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் அது எட்டும். அதனால் பிள்ளைகளின் படிப்பு மேஜையை அந்த எல்லைக்குள் போடுங்கள். கதவுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டரில் ஒட்டிய பேப்பரைக் கிழித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆறடி தள்ளி நிற்கும் பக்கத்து வீட்டுச் சுவர்தான் உங்கள் ஜன்னலுக்கு வானம். அது பூசாத சிமெண்டாக இருந்தால், அந்த வீட்டுக்காரரிடம் பேசி, உங்கள் செலவிலேயே வெள்ளையடித்துக் கொடுங்கள். ஒரு டப்பா பெயிண்ட், ஒரு நாள் கூலி. அவருடைய ஜன்னலுக்கு எதிரே இருக்கும் உங்கள் சுவரையும் மறக்காமல் அடித்துவிடுங்கள். :-)