ரொக்கமே இல்லாத சமுதாயம் சாத்தியமா?

"இன்னும் கொஞ்ச வருஷத்தில் நோட்டு, சில்லறை எதுவுமே இருக்காது" என்று பலரும் சொல்கிறார்கள். அதற்கு உதாரணமாக அவர்கள் காட்டும் நாடு ஸ்வீடன். ஆனால் அந்த நாட்டின் வரலாற்றைப் புரட்டினால் விடை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

17-ம் நூற்றாண்டு ஸ்வீடனில் செம்பு ஏராளம், வெள்ளி குறைவு. அதனால் செம்பிலேயே பணம் அடித்தார்கள். செம்பு மலிவான உலோகம். ஆகவே மதிப்பு கூடக்கூட எடையும் கூடியது. 1644-ல் வெளியான 10 தாலர் செம்புத் தகடு ஒன்றின் எடை ஏறக்குறைய 20 கிலோ!

இந்தச் சுமையைக் குறைக்க வந்ததுதான் காகிதம். 1661-ல் யோஹான் பால்ம்ஸ்ட்ரூக் நடத்திய ஸ்டாக்ஹோம் வங்கி, ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டுகளை வெளியிட்டது. ஆனால் கையிருப்பை மீறி நோட்டு அடித்துக் கடன் கொடுத்தார்கள். மக்கள் நோட்டை நீட்டி உலோகத்தைக் கேட்டபோது, 1664-ல் வங்கியால் கொடுக்க முடியவில்லை. பால்ம்ஸ்ட்ரூக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. இந்தக் கசப்பான அனுபவத்துக்குப் பின் 1668-ல் உருவானதுதான் ரிக்ஸ்பேங்க். இன்றுள்ள மத்திய வங்கிகளில் மிகப் பழையது இதுவே.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2012-ல் ஸ்வீடன் வங்கிகள் சேர்ந்து ஸ்விஷ் என்ற செல்போன் சேவையைத் தொடங்கின. ரிக்ஸ்பேங்க் ஆய்வின்படி, கடைசியாக வாங்கிய பொருளுக்கு ரொக்கம் கொடுத்தவர்கள் 2010-ல் 39 சதவீதம். 2018-ல் 13 சதவீதம் மட்டுமே. பல வங்கிக் கிளைகளே ரொக்கத்தைக் கையால் தொடுவதில்லை. முதியவர்கள் திண்டாடினார்கள்.

அதன்பின் அரசே பிரேக் போட்டது. பெரிய வங்கிகள் ரொக்கச் சேவை தரவேண்டும் என்ற சட்டம் 2020-ல் அமலுக்கு வந்தது. போர், நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்று 2018-லும் 2024-லும் வீடுவீடாக அனுப்பிய கையேட்டில், ரொக்கம் வைத்திருக்கும்படியும் சொன்னார்கள். மின்சாரமும் நெட்வொர்க்கும் போய்விட்டால் ரொட்டி வாங்கக்கூட வழியிருக்காதே!

நம் நாட்டிலும் இதே கதைதான். 2016 பணமதிப்பிழப்புக்கு முன் புழக்கத்தில் இருந்த ரொக்கம் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2022 மார்ச்சில் அது 31 லட்சம் கோடியைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில்தான் யுபிஐ-யும் டீக்கடை வரை பரவியது. செலவுக்கு செல்போன், ஆபத்துக்கு ரொக்கம் என்று மக்கள் பிரித்து வைத்துக்கொண்டார்கள் போலும்.

வங்கிக் கணக்கில் இருப்பது அந்த வங்கி நமக்குத் தரவேண்டிய கடன். கையில் உள்ள நோட்டுக்கோ மத்திய வங்கியே நேரடிப் பொறுப்பு. கணக்கோ, செல்போனோ இல்லாதவரும் அதைக் கொடுத்து அரிசி வாங்கலாம். அதனால் ரொக்கம் குறையும். ஆனால் முற்றிலும் மறையாது, மறையவும் விடக்கூடாது என்பதே என் கருத்து.