ஒரு கேபல் கோப்பு, இரண்டு பொதிகள்

ஹாஸ்கெல் மொழியில் நூலகம் எழுதுபவர் கூடவே ஒரு கேபல் கோப்பும் எழுதிவைப்பார். பெயர், பதிப்பு, உரிமம், வேறு எந்தெந்த நூலகங்கள் தேவை என்பதெல்லாம் அதில் இருக்கும். இவ்வளவும் கையில் இருக்க, இயங்குதளத்துக்கான பொதியை எதற்கு மறுபடி கையால் எழுத வேண்டும்? டெபியனுக்கான 'கேபல்-டெபியன்', நிக்ஸுக்கான 'கேபல்-டு-நிக்ஸ்' ஆகிய கருவிகள் இதற்காகவே வந்தவை. இரண்டும் வாங்கிக்கொள்வது ஒரே கோப்பைத்தான். வெளியே வந்ததை மனிதர் எங்கே திருத்துகிறார் என்பதில்தான் வழி பிரிகிறது.

திருத்தம் தேவைப்படாமல் போகாது. ஸெட்லிப் என்ற ஹாஸ்கெல் நூலகத்தையே பாருங்கள். தரவைச் சுருக்கும் வேலையை உண்மையில் செய்வது அதே பெயருள்ள சி நூலகம். கேபல் கோப்பு அதை வெறும் 'ஸெட்' என்று குறித்தாலும் லிங்கருக்குப் போதும். ஆனால் டெபியனில் அது இருப்பது 'ஸெட்லிப்1ஜி-டெவ்' பொதியில். நிக்ஸில் அதன் பெயர் 'ஸெட்லிப்'. கேபல் கோப்பு எழுதியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கேபல்-டு-நிக்ஸ் இதற்கென ஒரு பெயர்ப்பட்டியலைத் தன் நிரலுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கேபல்-டெபியனை ஓட்டுபவர், எந்தப் பெயருக்கு எந்தப் பொதி என்று கட்டளை வரியிலேயே சொல்லலாம்.

கேபல்-டெபியன் தருவது கன்ட்ரோல், ரூல்ஸ், காப்பிரைட், சேஞ்ச்லாக் கோப்புகள் அடங்கிய ஓர் அடைவு. அதற்கப்புறம் அது பராமரிப்பாளரின் பொறுப்பு. உரிமத்துக்குக் கேபலில் ஒரு வரி போதும். டெபியனோ எந்தக் கோப்பின் பதிப்புரிமை யாருடையது என்று கேட்கும். புதுப் பொதியை டெபியனின் குழு ஒன்று பார்த்த பிறகே காப்பகத்தில் சேர்ப்பார்கள். கருவி தட்டச்சு வேலையை மிச்சப்படுத்துகிறது, அவ்வளவே. அடுத்த பதிப்பு வரும்போது அதை மறுபடி ஓட்டினால் கைத்திருத்தங்களோடு மோதும். ஓட்டாவிட்டால் சார்புப் பட்டியலை நாமே ஒப்பிட வேண்டும். திருத்தங்களைத் தனி நிரலாக எழுதிவைக்கவும் வழி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிக்ஸில், ஹாஸ்கெல் நூலகங்களின் ஹேக்கேஜ் களஞ்சியம் முழுவதும் ஒரே பிரம்மாண்டமான கோப்பாக உருவாகிறது. அதில் யாரும் கைவைப்பதில்லை. திருத்தங்கள் தனிக் கோப்புகளில் நிற்கின்றன. பதிப்பு வரம்பு இடித்தால் 'ஜெயில்பிரேக்' அதைத் தூக்கிவிடும். சோதனை தோற்றால் 'டோன்ட்செக்' சோதனையையே நிறுத்திவிடும். டெபியன்காரர்கள் இதற்கு முகம் சுளிக்கலாம். ஆனால் அவர்களும் அதே வரம்பைப் பேட்ச் போட்டுத்தான் தளர்த்துகிறார்கள். ஹேக்கேஜில் வெளியீட்டுக்குப் பிறகும் கேபல் கோப்பை மட்டும் திருத்தலாம். கேபல்-டு-நிக்ஸ் அந்தத் திருத்த எண்ணையும் குறித்துக்கொள்கிறது. பராமரிப்புக்கு நான் நிக்ஸின் ஏற்பாட்டையே தேர்வேன். ஆனால் எவருமே படித்துப் பார்க்காத பொதிகள் அதில் ஏராளம். 'உடைந்தவை' பட்டியலும் நீளம். உரிமச் சிக்கல் வந்தால் நான் நம்புவது டெபியனைத்தான்.

கேபல் கோப்பில் அறவே இல்லாத செய்தியும் ஒன்று உண்டு. ஜிஹெச்சி கம்பைலர் ஒவ்வொரு நூலகத்துக்கும் ஓர் ஏபிஐ (ABI) அடையாளம் கொடுக்கிறது. கட்டிமுடித்த பிறகே அது தெரியும். டெபியன் அதை மெய்நிகர் பொதியின் பெயரில் பதிக்கிறது. அடித்தள நூலகத்தின் அடையாளம் மாறினால், அதைச் சார்ந்தவற்றையெல்லாம் வரிசையாக மறுபடி கட்ட வேண்டும். நிக்ஸில் உள்ளீடு மாறியதுமே பாதையின் ஹாஷ் மாறிவிடும். மறுகட்டுமானத்தை யாரும் திட்டமிட வேண்டியதில்லை, கணினி நேரம்தான் செலவு.