கோட்டு, கம்பளம், ஒரு போன் கால்

இந்த வாரம் ஒரு கோட்டுக் கதை. மாட்டிக்கொள்கிற கோட்டுதான். ஆனால் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டது கோட்டு இல்லை, அதைப் போட்டவர்.

விக்யூனா என்று ஒரு பிராணி. தென்னமெரிக்காவில் ஆண்டீஸ் மலை உச்சியில் மேயும். ஒட்டகத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதன் ரோமத்துக்கு முன்னால் ஆட்டு ரோமமெல்லாம் கோணிச் சாக்கு. அப்பேர்ப்பட்ட ரோமத்தில் நெய்த ஒரு கோட்டு, 1958-ல் அமெரிக்க வெள்ளை மாளிகையின் இரண்டாவது பெரிய மனிதரை வீட்டுக்கு அனுப்பியது.

இரண்டாவது என்றதும் துணை ஜனாதிபதி நிக்சன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வரிசையிலேயே இல்லை. ஷெர்மன் ஆடம்ஸ் என்பது இவர் பெயர். நியூ ஹாம்ப்ஷயரின் முன்னாள் கவர்னர். 1953-ல் ஐசன்ஹோவர் ஜனாதிபதி ஆனபோது ஜனாதிபதியின் உதவியாளர் என்ற பதவியோடு உள்ளே வந்தார். பெயருக்குத்தான் உதவியாளர். ஐசன்ஹோவர் ராணுவத்தில் வளர்ந்தவர். எல்லாக் காகிதமும் தன் மேஜைக்கு வரக்கூடாது, ஒருவர் வடிகட்டி அனுப்ப வேண்டும் என்பது அவர் பழக்கம். அந்த வடிகட்டிதான் ஆடம்ஸ். போனில் ஹலோவும் கிடையாது, பை பையும் கிடையாது. பேச வேண்டியதைப் பேசிவிட்டு டொக்கென்று வைத்துவிடுவார். யார் என்ன கேட்டு வந்தாலும் 'நோ'.

1955-ல் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு. அப்போது வாஷிங்டனில் ஒரு ஜோக் உலவியது. 'ஐசன்ஹோவர் செத்து நிக்சன் ஜனாதிபதி ஆகிவிட்டால் என்ன ஆவது?' என்று ஒருத்தர் கவலைப்படுவார். 'அதைவிட மோசம், ஆடம்ஸ் செத்து ஐசன்ஹோவர் ஜனாதிபதி ஆகிவிட்டால்?' என்பார் இன்னொருத்தர்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவில் மந்திரி ஆக வேண்டுமென்றால் செனட் சபை ஒப்புக்கொள்ள வேண்டும். கூப்பிட்டு வைத்துக் குடைந்து எடுத்துவிடுவார்கள். ஆடம்ஸின் நாற்காலிக்கு அதெல்லாம் தேவையில்லை. ஜனங்களும் ஓட்டுப் போடவில்லை, செனட்டும் கை தூக்கவில்லை. ஒரே ஒரு மனிதருக்குப் பிடித்திருந்தால் போதும்.

பெர்னார்ட் கோல்ட்ஃபைன் என்று ஒரு ஜவுளி மில் முதலாளி. ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஆடம்ஸுக்குப் பல வருட சிநேகிதர். கோட்டு இவர் கொடுத்ததுதான். மில் விலையில் 69 டாலர்தான் என்று பின்னால் சொன்னார். கோட்டோடு நிற்கவில்லை. ஆடம்ஸ் வீட்டுக்கு 2,400 டாலர் பெறுமானமுள்ள ஒரு கம்பளம் வந்தது. 'அது இரவல்தான், திருப்பித் தந்துவிடுவேன்' என்றார் ஆடம்ஸ். பாஸ்டன் ஓட்டலில் ஆடம்ஸ் குடும்பம் தங்கிய பில், மூன்று வருடத்தில் 1,600 டாலருக்கும் மேலே. கட்டியது கோல்ட்ஃபைன்.

நான் பி.காம். படித்தபோது கணக்கு வாத்தியார் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: ஒரு பக்கம் பற்று வைத்தால் மறுபக்கம் வரவு இருந்தே தீர வேண்டும். சரி, மறுபக்கம் என்ன?

கோல்ட்ஃபைன் மில்லின் துணியில் நைலான் கலந்திருக்கிறது, லேபிளில் அதைக் காணோம் என்று ஃபெடரல் வர்த்தக கமிஷனில் புகார். ஆடம்ஸ் கமிஷன் தலைவரிடம் விசாரித்தார். தலைவர் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அது நேரே கோல்ட்ஃபைன் கைக்குப் போயிற்று. 1955-ல் தலைவரைச் சந்திக்க நேரமும் வாங்கிக் கொடுத்தார் ஆடம்ஸ். சந்திப்பு முடிந்து வெளியே வந்த கோல்ட்ஃபைன் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆபீஸிலேயே, நாலு பேர் காதில் விழும்படி, 'ஆடம்ஸுக்கு லைன் போடு' என்றார். 'இங்கே என்னை நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள்' என்று போனில் நன்றி சொன்னார்.

அவ்வளவுதான். ஆடம்ஸ் யாரையும் மிரட்டவில்லை. கேஸை மூடச் சொல்லி உத்தரவு போடவில்லை. அப்படிப்பட்ட மனிதரிடமிருந்து ஒரு போன் வந்தால் எதிரே இருக்கும் அதிகாரிக்கு என்ன தோன்றும்? அரசாங்க ஆபீஸ் வாசலில் ஒரு தடவையாவது கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1958 ஜூனில் காங்கிரஸின் துணைக்குழு ஒன்று இதையெல்லாம் தோண்டி எடுத்தது. 17-ம் தேதி ஆடம்ஸ் தானாகவே போய் சாட்சி சொன்னார். தப்பு எதுவும் செய்யவில்லை, கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம் என்பது சாராம்சம். மறுநாள் நிருபர்களிடம் ஐசன்ஹோவரும் அதையே சொன்னார். ஆடம்ஸ் ஜாக்கிரதையாக இல்லை, வாஸ்தவம். 'ஆனால் அவர் எனக்குத் தேவை' என்றார்.

ட்ரூமன் ஆட்சியில் பரிசாக வந்த மிங்க் கோட்டையும் ஐஸ் பெட்டியையும் கிழி கிழியென்று கிழித்து 1952-ல் ஓட்டு வாங்கிய கட்சி இது! நாட்டுக்குத் தேவை என்று சொல்லியிருந்தாலாவது வாதம் செய்யலாம். எனக்குத் தேவை என்றால் யார் என்ன பேசுவது?

ஜூன் போயிற்று. ஜூலை, ஆகஸ்ட் போயிற்று. நவம்பரில் காங்கிரஸ் தேர்தல். கட்சிக்கு நன்கொடை தருகிறவர்கள் பையை மூடிக்கொண்டார்கள். அந்த நாளில் மெய்ன் மாநிலம் மட்டும் செப்டம்பரிலேயே ஓட்டுப் போட்டுவிடும். அங்கே குடியரசுக் கட்சியின் செனட்டர் பெய்ன் மண்ணைக் கவ்வினார். அவருக்கும் கோல்ட்ஃபைன் ஒரு விக்யூனா கோட்டு கொடுத்திருந்தார் என்பது உபரித் தகவல். அதன் பிறகுதான் கட்சிக்கு வயிற்றைக் கலக்கியது.

இப்போது ஐசன்ஹோவருக்கு ஒரு சிக்கல். கசப்பான சமாசாரத்தையெல்லாம் அவருக்காக மற்றவர்களிடம் போய்ச் சொல்கிறவர் ஆடம்ஸ்தான். ஆடம்ஸிடம் போய்ச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நிக்சனை அனுப்பிப் பார்த்தார். ஆடம்ஸ் அசையவில்லை. கடைசியில் கட்சித் தலைவர் மீட் ஆல்கார்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். நார்மண்டியில் படை இறக்கிய தளபதி ஐயா இவர்!

செப்டம்பர் 22. நியூபோர்ட்டில் ஓய்வில் இருந்த ஐசன்ஹோவரைப் பார்த்து ஆடம்ஸ் ராஜினாமா கொடுத்தார். அன்று இரவு டி.வி.யில் தோன்றி, தான் தவறு செய்யவில்லை, இது அவதூறுப் பிரசாரம் என்றார்.

என் மனசு ஒப்பவில்லை. ஜூனில் தெரிந்த அதே விஷயம்தான் செப்டம்பரிலும். நடுவில் மாறியது மெய்னின் ஓட்டு எண்ணிக்கை மட்டும். ஐசன்ஹோவர் மூன்றாம் முறை நிற்க அரசியல் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே அவரிடம் ஜனங்கள் கணக்குத் தீர்க்க வழியே இல்லை. பொருளாதார மந்தம், ஸ்புட்னிக் பயம், அதோடு இந்தக் கோட்டு எல்லாம் சேர்ந்து, நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் ஏறத்தாழ 50 இடங்கள் போயின. கம்பளத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத வேட்பாளர்கள் எத்தனை பேரோ!

ஆடம்ஸ் சொந்த ஊர்ப் பக்கம் போய் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். 1966-ல் லூன் மலையில் பனிச்சறுக்கு விடுதி திறந்தார். 1986 வரை இருந்தார். கோல்ட்ஃபைன் வரி ஏய்ப்பு வழக்கில் ஜெயிலுக்குப் போனார்.

வெள்ளை மாளிகையை விட்டுக் கிளம்பிய ஆடம்ஸுக்கு ஐசன்ஹோவர் ஒரு பெரிய வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார், 'அன்பு நண்பன்' என்று தன் பெயர் பொறித்து. இந்தப் பரிசு பற்றி எந்தத் துணைக்குழுவும் கேட்கவில்லை.