எம்.டி.-32 ஒலிக்கருவி: இசைப்புப் பிழைகளும் நிவர்த்தியும்

எம்.டி.-32 என்பது ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட, விசைப்பலகை இல்லாத மின்னணு ஒலிக்கருவி. 1983-இல் வெளியான மிடி நியமத்தின்படி வந்துசேரும் கட்டளைகளை ஏற்றுத் தன்னுள்ளேயே ஸ்வரங்களை உருவாக்கித் தரும் இக்கருவி, தான் வெளியானதற்கு அடுத்த ஆண்டில் சியரா கம்பெனி வெளியிட்ட, வில்லியம் கோல்ட்ஸ்டைன் இசையமைத்த 'கிங்ஸ் குவெஸ்ட் 4' என்னும் கணினி விளையாட்டின் மூலம், கணினி இசையின் சரித்திரத்தில் நிலையான ஓர் இடத்தைப் பெற்றது. அக்கால இசையை அதன் ஆசிரியர்கள் கருதிய வண்ணமே கேட்க விரும்புவோர் இன்றும் இதனைப் பேணி வருகின்றனர். அவர்களுக்கு நேரும் பிழைகளுள் பல, கருவி பழுதுற்றதனால் அன்றி, கட்டளை அனுப்பும் கணினிக்கும் அதை ஏற்கும் கருவிக்கும் இடையே இணக்கம் குறைந்ததனால் விளைவனவாகும்.

கட்டளை நெரிசல்

மிடி கம்பியின் வழியே விநாடிக்கு 31,250 பிட்டுகள் செல்கின்றன. ஒரு பைட்டுக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்துப் பத்து பிட்டுகள் வேண்டுமாதலால், அது சென்றடைய 320 மைக்ரோ விநாடி ஆகிறது. ஒரு ஸ்வரத்தை எழுப்பும் கட்டளை மூன்றே பைட்டுகளாதலால் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால், விளையாட்டு தனக்கென அமைத்துக்கொண்ட புதிய வாத்திய ஒலி ஒன்றை 'சிஸெக்ஸ்' எனப்படும் விசேஷக் கட்டளையாக அனுப்பும்போது, ஒலியின் விவரத்துக்கு 246 பைட்டுகளும், முகவரி முதலிய உறுப்புகளுக்குப் பத்தும் ஆக 256 பைட்டுகள் சேர்ந்து, அதற்கு மட்டுமே 82 மில்லி விநாடி செலவாகிறது. இத்தகைய கட்டளைகள் இடைவெளியின்றித் தொடர்ந்து வந்தால், முற்பட்ட தயாரிப்பைச் சேர்ந்த கருவிகள் அவற்றை உள்வாங்க இயலாமல் தவித்து, 'பஃபர் ஓவர்ஃப்ளோ' என்ற அறிவிப்பைத் திரையில் காட்டும். பழைய கணினிகளின் வேகத்தை நம்பி இடைவெளி கணித்த விளையாட்டுகளை அதிவேகக் கணினியில் இயக்கும்போது இப்பிழை அடிக்கடி தோன்றுகிறது. கணினியின் வேகத்தைத் தணிப்பதும், பழைய விளையாட்டுகளை இயக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளில் சிஸெக்ஸ் கட்டளைகளைத் தாமதித்து அனுப்பும் வசதியை இயக்குவதும் இதற்குரிய நிவர்த்திகள். ஹெட்ஃபோன் துளை உள்ள பிற்காலத் தயாரிப்பில் இக்குறை நீக்கப்பட்டுள்ளது.

கட்டளையின் சிதைவு

ஒவ்வொரு சிஸெக்ஸ் கட்டளையின் இறுதியிலும் 'செக்சம்' என்னும் சரிபார்ப்பு எண் ஒன்று வருகிறது. முகவரியையும் விவரத்தையும் அதனோடு கூட்டினால் வரும் தொகை 128-ஆல் மிச்சமின்றி வகுபட வேண்டும். வகுபடாவிடில், கட்டளை வழியில் சிதைந்ததென்று உணர்ந்து கருவி அதைத் தள்ளிவிட்டு, பிழை அறிவிப்பைத் திரையில் காட்டுகிறது. மலிவான யு.எஸ்.பி. மிடி கம்பிகளுள் சில, குறுங்கட்டளைகளைச் செவ்வையாகக் கடத்தினும், நீண்ட கட்டளைகளைச் சிதைத்துவிடும் இயல்புடையவை. ஆதலால் இந்த அறிவிப்பைக் காண்போர் முதலில் மாற்ற வேண்டியது கம்பியையே.

பொருந்தாத ஒலியும் மௌனமும்

ஒரு விளையாட்டு பதித்துச் சென்ற ஒலிகள், மின்சாரம் நிற்கும்வரை கருவியின் நினைவகத்தில் தங்கியிருக்கும். அடுத்த இசையில் குழலுக்குப் பதில் வேறொரு விசித்திர ஓசை கேட்குமாயின், கருவியை ஒரு முறை அணைத்து ஏற்றுவதே போதுமான பரிகாரம். மேலும், இதன் எட்டு இசைப் பகுதிகள் 2 முதல் 9 வரையிலான சேனல்களிலும், தாளப் பகுதி 10-ஆம் சேனலிலும் இயல்பாக அமைந்துள்ளன. எனவே, 1991-இல் வந்த ஜெனரல் மிடி நியமப்படி முதற்சேனலில் பிரதான மெட்டை வைத்து எழுதிய இசை இதில் மெட்டின்றி ஒலிக்கும். வாத்தியங்களின் வரிசையும் வேறாதலால் எஞ்சியவையும் இடம் மாறிக் கேட்கும்.

அறுபடும் ஸ்வரமும் நில்லாத ஸ்வரமும்

இக்கருவி ஒரே சமயத்தில் 32 'பார்ஷியல்'களை, அதாவது ஒலிக்கூறுகளை, மட்டுமே ஒலிக்க வல்லது. ஓர் ஒலிக்கு ஒன்று முதல் நான்கு வரை பார்ஷியல்கள் தேவைப்படுவதால், செறிவான ஒலிகளைக் கொண்ட இசையில் எட்டு ஸ்வரங்களுக்குள்ளேயே சக்தி தீர்ந்து, முந்தைய ஸ்வரங்கள் அறுபடலாம். இது பழுதன்று, கருவியின் எல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் உரிய பார்ஷியல்களை முன்கூட்டி ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு இதன் பொருட்டே உள்ளது. இதற்கு மாறாக, ஸ்வரத்தை நிறுத்தும் கட்டளை வழியில் தொலைந்துபோனால், அந்த ஸ்வரம் ஓயாமல் ஒலித்துக்கொண்டேயிருக்கும். கணினியின் சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலி அட்டைகளுள் சிலவற்றில் இக்குறை பிரசித்தமானது. எல்லா ஸ்வரங்களையும் நிறுத்தும் 123-ஆம் கட்டுப்பாட்டுக் கட்டளை உடனடி நிவாரணமாகும். அட்டையை மாற்றுவதே நிரந்தரத் தீர்வு.

பரிசோதனை முறை

திரையின் அறிவிப்பு, கம்பி, கட்டளையின் வேகம், நினைவகம், சேனல் என்ற வரிசையில் ஆராய்ந்த பின்னரே பெட்டியைத் திறத்தல் தகும். இடைவிடாத இரைச்சல் மட்டுமே முதலிலேயே மின்சுற்றைச் சுட்டுவது; மிடி உள்வாயில் ஒளியால் பிரிக்கும் தடுப்பு உள்ளதால், ரீங்காரத்துக்கான காரணத்தை ஒலிக் கம்பியிலும் மின்னிணைப்பிலும் தேடுதல் நலம். கருவியினுள் ஒலியை உருவாக்கவென்றே வடிக்கப்பட்ட எல்.ஏ.32 சில்லு இப்போது உற்பத்தியில் இல்லை. அவசரத்தால் அதைச் சேதப்படுத்துவோர், நிவர்த்திக்கு எளிதான பிழையைத் திருத்த முடியாத இழப்பாக்கிவிடுகின்றனர்.