சுண்ணப் பாறை ஆறும் பனிமலை ஆறும்

கோடையில் டிரவுட் தூண்டில்காரர் இங்கிலாந்தின் டெஸ்ட் ஆற்றங்கரையில் நின்றாலும், மொன்டானாவின் மேடிசன் ஆற்றில் படகேறினாலும், அவர் காலடியில் ஓடுவது போன குளிர்காலம்தான். டெஸ்டில் அது சுண்ணப் பாறைக்குள் இறங்கி, 10, 11 பாகை செல்சியஸ் குளிர்ச்சியில் ஊற்றாகக் கசிகிறது. மேடிசனில் மலை உச்சியில் பனியாகக் கிடந்து, வெயில் ஏற ஏற உருகி இறங்குகிறது. ஆகவே மே மாதத்திலேயே டெஸ்ட் தெளிந்து கிடக்கும். ஜூன் தொடக்கத்திலும் மேடிசனின் துணையாறுகள் கலங்கல் கொண்டுவரும்.

படுகை எப்படியோ, பூச்சியும் அப்படி. டெஸ்டின் மேஃப்ளை ஏறத்தாழ ஈராண்டு வண்டலுக்குள் வளை பறித்து வாழும். மேடிசனின் சால்மன்ஃப்ளை மூன்று நான்கு ஆண்டுகள் கல்லிடுக்கில் காத்திருக்கும். வெளிவரும் விதத்தில்தான் இரண்டும் எதிரெதிராகப் பிரிகின்றன. மேஃப்ளை நேரே நீர்ப்பரப்புக்கு மிதந்து வந்து, அங்கேயே தோலுரித்து, சிறகு தேறும்வரை நீரின் மேல் நிற்கும். சால்மன்ஃப்ளையோ நீர்ப்பரப்பை நம்புவதில்லை. கரைக்கு ஊர்ந்து, வில்லோத் தண்டில் ஏறி, முதுகு வெடித்து வெளியேறும். வெற்றுக்கூடு தண்டைப் பற்றியபடியே இருக்கும்.

பூச்சி வரும் இடத்தில் டிரவுட் காத்திருப்பதால் ஓர் அழகான தலைகீழ்: டெஸ்டில் கரையில் குனிந்து நிற்பவர் தூண்டிலை ஆற்றுக்குள் வீசுகிறார், மேடிசனில் ஆற்றுக்குள் மிதப்பவர் கரையோரத்துக்கு வீசுகிறார். முன்னவரின் பொய்ப்பூச்சி ஓசையின்றி இறங்க வேண்டும். பின்னவருடையது தொப்பென்று விழுந்தாலும் கேடில்லை. கிளையிலிருந்து தவறும் அசல் பூச்சியும் அப்படித்தான் விழுகிறது. கற்றுக்குட்டிக்கும் மீன் சிக்கும் என்பதால், மேஃப்ளை பறக்கும் நாட்களுக்குக் 'கற்றுக்குட்டிகளின் இருவாரம்' என்று ஆங்கிலேயர் கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் மேடிசனுக்குப் பொருந்தாது. அங்கே நீர் சூடேற ஏறப் பூச்சி வெளிவரும் இடம் நாளுக்கு நாள் ஆற்றின் மேற்புறமாக நகரும். பின்னாலேயே ஓடத் தெரிந்தவருக்கே வேட்டை.

கட்டுப்பாடு இரண்டிலும் உண்டு. டெஸ்டில், ஆங்கிலேயத் தூண்டில்காரர் ஹால்ஃபோர்டு 1886இல் எழுதிய நூலின் வழிவந்த மரபு, மிதக்கும் பொய்ப்பூச்சியை எதிரோட்டமாக வீசு என்கிறது. அதை வகுத்தவர்கள் மனிதர்கள். கொஞ்சம் வீம்பும் அதில் கலந்திருக்கிறது. மொன்டானாவில் விதி வெப்பமானியின் கையில்: நீர் மூன்று நாள் தொடர்ந்து 23 பாகையை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை வரலாம். சூடான நீரில் உயிர்வளி குறைவு. இழுபட்டுக் களைத்த மீனை விடுவித்தாலும் அது இறக்கும் வாய்ப்பு கூடுகிறது.

மீன்களும் இடம் மாறியவைதான். மேடிசனின் பழுப்பு டிரவுட், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து போன வம்சம். டெஸ்டில் வளர்த்து விடப்பட்ட வானவில் டிரவுட்டின் பூர்வீகமோ பசிபிக் கரை.