இரு மன்றங்களும் ஒரு பெயரும்

விளையாட்டுத் திடலின் வரலாறு வென்றோர், தோற்றோர் பட்டியலோடு முடிவதில்லை. உள்ளே நுழையத் தக்கவர் யார், தகாதவர் யார் என வகுத்த விதிகளும் அவ்வரலாற்றின் பகுதியே. சிங்கப்பூர் ஐலண்ட் கண்ட்ரி கிளப் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு.

1891ஆம் ஆண்டில் நீதிபதி கோல்ட்னியின் முயற்சியால் சிங்கப்பூர் கோல்ஃப் மன்றம் தோன்றியது. நம்மவர் நன்கறிந்த சிராங்கூன் சாலைக்கு அணித்தே இருந்த பழைய குதிரைப் பந்தயத் திடலில் ஆட்டம் தொடங்கிற்று. அத்திடல் மறைந்துவிட்டது, ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. 1924இல் மன்றம் புக்கிட் தீமாப் பகுதிக்குப் பெயர்ந்தது. 1938இல் 'ராயல்' என்னும் அரச அடைமொழியும் பெற்றது. ஆயினும், உறுப்பினராகும் உரிமை ஐரோப்பியருக்கே இருந்தது. கோல்பையைச் சுமந்து உடன் நடந்த ஆசியருக்கு அவ்வுரிமை இல்லை.

இந்நிலையில் எல்லா இனத்தவரையும் ஏற்கும் மன்றமாக ஐலண்ட் கிளப் எழுந்தது. பியர்ஸ் நீர்த்தேக்கத்தை அடுத்த அதன் திடலை 1932இல் ஆளுநர் செசில் கிளமென்டி திறந்துவைத்தார். மூடிய கதவைத் தட்டிக்கொண்டிராமல், வேறொரு வாயிலையே அமைத்துக்கொண்டனர் அம்மன்றத்தார்.

பின்னர்ப் போர் வந்தது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. கோல்ஃப் திடலை அடுத்த சைம் சாலை முகாமில் 1944 முதல் 1945 வரை பொதுமக்கள் பலர் சிறைவைக்கப்பட்டனர். அவர்களுள் ஐரோப்பியரே மிகுதி. பிறரை வெளியே நிறுத்திய சமூகம் முள்வேலிக்குள் அடைபட்டது. வெள்ளையர் ஆட்சி அசைக்கவொண்ணாதது என்ற நம்பிக்கையும் அத்தோடு தகர்ந்தது.

தன்னாட்சி மலர்ந்தபின், 1963 ஜூலையில் இரு மன்றங்களும் ஒன்றாயின. ஒன்றின் பெயரிலிருந்து 'சிங்கப்பூர்', மற்றதன் பெயரிலிருந்து 'ஐலண்ட்' எனப் புதுப்பெயர் அமைந்தது. 'ராயல்' மறைந்தது. 1969இல் உலகக் கோப்பை கோல்ஃப் போட்டி அங்கேயே நடைபெற்றது.

இனத்தடை நீங்கியது, ஆனால், பொருள்தடை நீங்கவில்லை. இச்சிறு தீவில் பரந்த பசும்புல்வெளி சிலர்க்கே உரியதாகலாமா என்னும் வினா இன்று எழுந்துள்ளது. ஜூரோங் கண்ட்ரி கிளப் 2016இலும், ராஃபிள்ஸ் கண்ட்ரி கிளப் 2018இலும் இரயில் திட்டங்களுக்காக நிலத்தை ஒப்படைத்தன. அன்று 'யார் ஆடலாம்?' என்று கேட்ட வரலாறு, இன்று 'யாருக்காக இந்நிலம்?' என்று கேட்கிறது. மாணவர்கள் இவ்விரு வினாக்களையும் சேர்த்தே சிந்தித்தல் வேண்டும்.