கோயில் வாசலில் வழக்கமும் சட்டமும்

ராமநாதபுரம் சமஸ்தானத்தைச் சேர்ந்த கமுதியில், மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897-இல் நாடார்கள் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான சேதுபதி மன்னர் தரப்பு வழக்குத் தொடுத்தது. மதுரையில் தொடங்கிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. அவர்கள் நுழையக் கூடாது என்று எந்த மன்றமும் சட்டம் இயற்றியிருக்கவில்லை. நெடுங்காலமாக அவர்களை உள்ளே விட்டதில்லை என்பதே நீதிமன்றத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஊர் வழக்கம் இப்படித்தான் சட்டத்தின் வலிமையைப் பெற்றது.

வழக்கத்தை ஏற்படுத்தியவர் இன்னார் என்று யாரையும் காட்ட முடியாது. அதனால் அதை மாற்றச் சொல்லிக் கேட்கவும் ஆள் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு இதைவிடப் பெரிய கொடுமை வேறில்லை. சட்டத்துக்கோ இயற்றிய மன்றம் உண்டு, தேதி உண்டு, திருத்தவும் நீக்கவும் வழி உண்டு. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 அன்று மன்னரின் ஒரே பிரகடனம் கோயில்களைத் திறந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் அந்த வேலையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் படிப்படியாகச் செய்ய வேண்டியிருந்தது.

1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர், நுழைவு மறுக்கப்பட்டிருந்த சாதிகளைச் சேர்ந்த சிலரை, பிற்காலத்தில் அமைச்சரான கக்கன் உட்பட, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு அவர்களைத் தடுக்காமல் வரவேற்றார். துணிச்சலான செயல் அது. கமுதித் தீர்ப்பு நடைமுறையில் இருந்ததால், நுழைந்தவர்கள் மீதும் அனுமதித்தவர் மீதும் வழக்குப் போட இடமிருந்தது. ராஜாஜி அமைச்சரவை உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்து அவர்களுக்குப் பாதுகாப்பளித்தது. பிறகு சட்டமன்றமும் அதைச் சட்டமாக்கியது. ஆனால் 1939-ஆம் ஆண்டுச் சட்டம் யாருக்கும் உரிமை தரவில்லை. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர்கள் கருதினால், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம் என்றது, அவ்வளவே. வாசல் திறப்பது இன்னொருவர் மனத்தைப் பொறுத்திருந்தது.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1947-இல் வந்த சட்டம்தான் உண்மையான திருப்பம். வழக்கம் எதுவாயினும், விலக்கப்பட்டிருந்த சாதியினருக்கு மற்ற இந்துக்களைப் போலவே கோயிலுக்குள் சென்று வழிபடும் உரிமை உண்டு என்று அது கூறியது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 13-ஆவது பிரிவு இன்னும் ஆழமானது: ஆணை, விதி, அறிவிக்கை மட்டுமல்ல, சட்ட வலிமை பெற்ற வழக்கமும் அடிப்படை உரிமைக்கு முரணானால் அந்த அளவுக்குச் செல்லாது. கமுதித் தீர்ப்பு ஊன்றி நின்ற தரையையே அது எடுத்துவிட்டது.

சட்டத்தின் கீழ் அரசு வகுக்கும் விதிகளுக்கும் எல்லை உண்டு. சட்டமன்றம் சட்டத்தை இயற்றுகிறது. அதைச் செயல்படுத்தும் நுணுக்கங்களை விதிகளாக எழுதும் அதிகாரத்தை அரசுக்கு விடுகிறது. அந்த விதி தாய்ச் சட்டத்தை மீற முடியாது. கேரளத்தின் 1965-ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டம் எல்லாப் பிரிவு இந்துக்களுக்கும் பொது வழிபாட்டிடங்களைத் திறந்தது; அதன்கீழ் வந்த 3(b) விதியோ, வழக்கப்படி பெண்கள் அனுமதிக்கப்படாத காலங்களில் அவர்களை விலக்கியது. பெண்கள் நுழைவு குறித்த சபரிமலை வழக்கில் 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்த விதி சட்டத்தை மீறுகிறது என்று ரத்து செய்தது. மறுஆய்வு மனுக்களில் எழுந்த கேள்விகள் 2019-இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன.

எழுதப்படாத வழக்கம் சட்டம் வந்ததும் கலைந்துவிடவில்லை. திருவண்ணாமலை மாவட்டத் தென்முடியனூரில் பட்டியல் சாதியினர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்றது 2023 ஜனவரியில்தான். அதுவும் அதிகாரிகளும் காவலர்களும் உடன் நிற்க.